சதுர அடி ஒன்பது ரூபாய்

வெள்ளி செத்தது செவ்வாயன்று,
செவ்வாய்ப்பேட்டையில்.
இதைச் சொல்லிச் சிரித்த டீக்கடைப் பையனை
யாரோ அறைந்துவிட்டார்கள் என்றபோதுதான்
துக்கம் பெரிசு என்று எனக்குப் பட்டது.
மெஷினுக்குக் கறுப்பு மை வாங்கிவரச் சொன்னேன்.

முதலில் வந்தது ஆறுக்கு நான்கு.
கொலுசுப் பட்டறை அர்த்தநாரி, குதிரைக்குச் சொந்தக்காரர்,
உட்காராமல் நின்றபடியே சொன்னார்:
"படம், பேரு, தேதி. அது போதும்."
தோற்றம் என்ற இடத்தில் என்ன போட?
அவருக்குத் தெரியவில்லை. லாயத்துக்குப் போன் போட்டார்.
"அன்னிக்கு ராத்திரி கரண்டு இல்லீங்க" என்றது மஸ்தான் குரல்,
"டார்ச்சுலதான் பாத்தேன், நெத்தியில வெள்ளையா."
கரண்டு இல்லாத ராத்திரி எதுவென்று
சேலத்தில் எப்படிக் கண்டுபிடிக்க?
நானாக ஒரு தேதி போட்டேன்.

மத்தியானம் குகை நண்பர்கள் பத்துக்கு எட்டு.
அதைப் பார்த்துவிட்டு லீ பஜார் இருபதுக்குப் பன்னிரண்டு.
அழுதவர்களின் முகம் அறுபத்திரண்டு, கூலிங்கிளாஸோடு.
"குதிரைய கொஞ்சம் சின்னதாக்குங்க,
மச்சான் விட்டுப்போயிட்டாரு."
சின்னதாக்கினேன்.
"கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வைங்க."
செத்தது எதுக்குங்க அழணும் என்று கேட்டேன்.
பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள்.
வைத்தேன்.

ரேக்ளா ராஜாவே. ஓடிக் களைத்தாயோ.
எங்கள் குலசாமியே.
ஏழு வருடம் முதல் பரிசு வாங்கிய நான்கு கால்களை
மூலையில் தள்ளித் தள்ளிக்
கடைசிப் பேனரில் அது ஒரு வளர்ப்பு நாய் அளவுக்கு வந்தது.

ஊர்வலத்தன்று கடையெல்லாம் அடைப்பு.
ஐந்து ரோட்டில் பஸ் நின்றது.
மூன்று பேர் மொட்டை போட்டார்கள்,
ஒருவன் குதிரையை நேரில் பார்த்ததே இல்லையாம்,
ஸ்டேட்டஸில் பார்த்தானாம்.
மாலைக்கு அடியில் குதிரை தெரியவில்லை.
கிரேன்காரர் மட்டும்
"பாத்து, பாத்து, கழுத்து" என்று
உயிருள்ளதுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்.

பனமரத்துப்பட்டித் தோப்பில் புதைத்து
எல்லோரும் பிரியாணிக்குப் போன பிறகு
மஸ்தான் கடைக்கு வந்தான்.
பழைய பேனர் ஏதும் கிடைக்குமா, லாயம் ஒழுகுது.
இனி எதுக்கு என்று நான் கேட்கவில்லை.
சுருளை விரித்தேன், படபடவென்று அடித்தது காற்றில்.
அவன் சட்டென்று ஒதுங்கி,
இல்லாத ஒரு கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"இந்தச் சத்தம் அதுக்கு ஆகாதுங்க.
குட்டியிலேர்ந்தே.
பேனர் கட்டின தெருவுல கூட்டிட்டுப் போனா
கண்ணைப் பொத்தணும், காதுல பேசிட்டே வரணும்.
ஞாயித்துக்கிழமை அயோத்தியாப்பட்டணம் திருப்பத்துல
ஒண்ணு அவுந்து அடிச்சுது பாருங்க, மலைக்காத்துக்கு.
அதான் கால் மடங்கினது.
வேற ஒண்ணுமில்ல."

வெள்ளியே வருக, வெற்றி தருக.
பதினைந்துக்குப் பத்து.
ஓரத்தில் கண்ணி அடிக்காமல் அவசரத்துக்குக் கொடுத்தது.
நான் அதைச் சொல்லவில்லை.
அவனும் கீழே பொடி எழுத்தில் இருந்த
என் கடைப் பெயரைப் படித்திருப்பானோ, தெரியாது.
சுருளை இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.
சத்தம் வராதபடி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான்.

பதினாறாம் நாள் மாநகராட்சி வண்டி வந்து
எல்லாவற்றையும் கிழித்தது.
சேர்வராயன் மேல் மழை இருட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் தாதகாப்பட்டியிலிருந்து ஒரு சீர்.
அதே மேகம், அதே பொன் சட்டம் போதும் என்றார்கள்.
குதிரையை எடுத்துவிட்டு
பட்டுப் பாவாடையில் ஒரு பெண்ணை நிறுத்தினேன்.
அடித்து, மாட்டி, காசும் வாங்கிய பிறகுதான் கவனித்தேன்:
நிழலை எடுக்க மறந்திருக்கிறேன்.
பெண்ணின் காலடியிலிருந்து
புல்வெளியில் நீண்டு கிடக்கிறது நான்கு கால்.

மூன்று நாள் அந்தத் தெருவில் நின்றது.
ஒருவரும் கேட்கவில்லை.
காற்று இல்லை, நல்லவேளை.